வறுமையின் வரைபடமும் வாக்கின் வரைபடமும்: செர்காம் வட்டாரத் தமிழரை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கல்வி, வறுமை, உடல்நலம் ஆகிய மூன்றும் ஒரு வட்டார மக்களின் அரசியல் சார்பை உருவாக்குகின்றன என்னும் கருத்து சமூக அறிவியலில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மலேசியத் தமிழரைப் பற்றிப் பேசும்போது இக்கருத்து இருவகையாக எடுத்தாளப்படுகிறது. தோட்டப்புறத் தமிழர் ஏழைகளாகவும் கல்வியிற் பின்தங்கியவர்களாகவும் நலிந்த உடலினராகவும் இருந்தமையால் ஆளும் கட்சிக்குக் கட்டுப்பட்டு வாக்களித்தனர் என்பது ஒருவகை. அதே வறுமையே பொறுக்க முடியாத எல்லையை எட்டி 2007-க்குப் பின் அவர்களை ஆளும் கட்சிக்கு எதிராகத் திருப்பியது என்பது மற்றொருவகை. ஒரே காரணத்தால் நேர்மாறான இரு விளைவுகளும் விளக்கப்படுமாயின், அதனை முழுமையான காரணமாகக் கொள்வதில் தயக்கம் எழுவது இயல்பே.

இக்கட்டுரை அத்தயக்கத்தை மலாக்கா மாநிலத்தின் செர்காம் வட்டாரத்தை மையமாகக் கொண்டு ஆராய்கிறது. குறைபாட்டின் அளவு அரசியல் சார்பைத் தீர்மானிப்பதைக் காட்டிலும், அக்குறைபாட்டைப் போக்கும் பொறுப்பு யார் கையில் இருந்தது என்பதே அதனைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். பள்ளியை நடத்தியவர் யார், மருந்து கொடுத்தவர் யார், கூலியைப் பற்றிப் பேசியவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கான விடைகள் மாறியபோதெல்லாம் வாக்கும் மாறியுள்ளது.

வட்டாரச் சராசரியும் தனியாள் நிலையும்

முதற்கண் அளவிடும் முறையில் உள்ள ஓர் இடர்ப்பாட்டை நோக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ராபின்சன் 1950-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. அந்நாட்டின் 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வெளிநாட்டிற் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. இதைக் கொண்டு, வெளிநாட்டிற் பிறந்தோர் எழுத்தறிவு மிக்கவர் என்று முடிவு செய்தால் அது தவறாகும். தனியாட்களாக எடுத்து நோக்கியபோது அவர்களிடையே எழுத்தறிவின்மை அதிகமாகவே இருந்தது. எழுத்தறிவு மிக்க மாநிலங்களை நாடி அவர்கள் குடியேறினர் என்பதே உண்மை. வட்டாரத்தைப் பற்றிய கூற்று வட்டாரத்தில் வாழும் மனிதரைப் பற்றிய கூற்றாகிவிடாது என்பதை இதனால் அறிகிறோம்.

நம் நாட்டிலும் இதனை ஒத்த நிலையைக் காணலாம். 2022-ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வக் கணக்கின்படி நாட்டின் வறுமை விகிதம் 6.2 விழுக்காடு. சபாவில் அது 19.7 விழுக்காடாகவும் கிளந்தானில் 13.2 விழுக்காடாகவும் இருந்தது. நாட்டில் மிக வறிய மாநிலங்கள் இவை இரண்டுமே. ஆயினும் கிளந்தானை 1990 முதல் பாஸ் கட்சி ஆண்டு வருகிறது. சபாவோ 2018 வரை தேசிய முன்னணியின் அசையாத கோட்டையாகக் கருதப்பட்டது. வறுமை இவ்விரு மாநிலங்களுக்கும் பொது. அரசியல் சார்பு பொதுவன்று.

செர்காமுக்கு வருவோம். ஜாசின் மாவட்டத்தில், மலாக்கா நகரிலிருந்து மூவார் நோக்கிச் செல்லும் கடலோரச் சாலையை ஒட்டி, மெர்லிமாவுக்கு அருகில் அமைந்தது இவ்வட்டாரம். கடற்கரையில் மலாய் மீனவர் கிராமங்கள். உட்பகுதியில் ரப்பரும் பின்னர் செம்பனையும் விளைந்த நிலங்கள். அவற்றினிடையே தமிழர் குடியிருப்புகள். செர்காம் என்னும் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியும் உண்டு. மலாய் வாக்காளர் பெரும்பான்மையினராக உள்ள அத்தொகுதியில் 2018-இலும் 2021-இலும் தேசிய முன்னணி வென்றது. அதனை உள்ளடக்கிய ஜாசின் நாடாளுமன்றத் தொகுதியை 2022-இல் பெரிக்காத்தான் நேசனல் கைப்பற்றியது. இம்முடிவுகளிலிருந்து செர்காம் வட்டாரத் தமிழரின் அரசியல் சார்பைப் பற்றி நாம் எதையும் அறிய இயலாது. மாவட்ட வறுமை விகிதத்திலிருந்து அவர்களின் வறுமையையும் அறிய இயலாது. மலாக்கா மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர். எந்தச் சராசரியிலும் அவர்கள் கரைந்து போகின்றனர்.

தோட்டம் என்னும் வட்டாரம்

இக்கரைதல் எப்போதும் இருந்ததன்று. தமிழருக்கென ஒரு வட்டாரம் இருந்த காலமும் உண்டு. அதன் பெயர் தோட்டம்.

மலாயாவில் வணிக முறையிலான ரப்பர்ப் பயிரிடல் மலாக்காவிலேயே தொடங்கியது. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். தொடர்ந்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. இவற்றுள் புக்கிட் அசகான் செர்காமைப் போன்றே இன்றைய ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணி முறை வழியாகத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர்.

தோட்டத்தின் அமைப்பை நாம் நன்கறிவோம். லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, மருந்துக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில், கள்ளுக்கடை ஆகிய யாவும் ஒரே எல்லைக்குள் இருந்தன. யாவும் துரையின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழி பள்ளி அமைத்தல் தோட்ட நிர்வாகத்தின் கடமையாயிற்று. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்பது விதி. கற்பித்தவர் பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஆவார். மருத்துவம் 'டிரெசர்' கையில் இருந்தது. பெரட்டுக்கு வராதவர் நோயாளியா சோம்பேறியா என்று தீர்ப்பளித்தவரும் அவரே.

இவ்வமைப்பில் கல்வி, உடல்நலம், வருவாய் ஆகிய மூன்றும் வெவ்வேறு துறைகளாக இருக்கவில்லை. ஓர் அதிகாரத்தின் மூன்று கைகளாக இருந்தன. ஆகவே ஒன்றை இழக்க அஞ்சியவர் மூன்றையும் இழக்க அஞ்சினார். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். பிற்காலத்தில் ஆளுங் கூட்டணிக்கு அளிக்கப்பட்ட வாக்கை அறியாமையின் வாக்கு என்று கூறுவோர் இப்பிணைப்பைக் கருத்திற் கொள்வதில்லை. 1946-இல் தோன்றிய ம.இ.கா.வும் 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் இவ்வெல்லைக்குள் நுழைந்து, நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் பேசக்கூடிய இடையாளராக அமைந்தன. குடியுரிமை மனு, பள்ளிக்கூரை, சம்பள உயர்வு ஆகியவற்றுக்கு நாட வேண்டிய வாயில் அவையே. தோட்டத் துண்டாடல் பெருகிய நாளில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர் பங்கு வாங்கிச் சேர்ந்ததும் இவ்வகை நம்பிக்கையின் வெளிப்பாடேயாகும். அவர்களின் வாக்கு வறுமையால் மட்டும் விளைந்ததன்று. வாயில் ஒன்றே இருந்தமையால் விளைந்தது.

கட்டுப்பட்டவர் என்னும் கூற்று

எனினும் அவ்வாயிலைத் தவிர வேறு வழியே தொழிலாளர் நாடவில்லை என்று கொள்ளலாகாது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இதற்குத் தக்க சான்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்கப்பட்டது. அத்துடன் பிள்ளைகளுக்கு முறையான கல்வி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை, துரையின் முன்னிலையில் மிதிவண்டியைவிட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகியனவும் கோரிக்கைகளாக வைக்கப்பட்டன. ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின. நாம் இன்று ஆய்வுக்குரிய மூன்று மாறிகளாகப் பிரித்துப் பேசும் கல்வி, வறுமை, உடல்நலம் ஆகியவற்றை அத்தொழிலாளர் தன்மதிப்பு என்னும் ஒரே பொருளின் உறுப்புகளாகக் கண்டனர். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை நடத்திய கள்ளுக்கடை மறியலும் உடல்நலத்தையும் குடும்ப வருவாயையும் அரசியலாக்கிய இயக்கமேயாகும்.

ஜாசின் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் தங்கள் குறைகளை முறையிடக் கோலாலம்பூரை நோக்கி நடைப்பயணம் மேற்கொண்டனர். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு வெளியே, இடதுசாரிச் சார்புடைய சங்கத்தின் பின்னணியில் நிகழ்ந்த எழுச்சி அது. கூலியிலும் பள்ளியிலும் மருத்துவத்திலும் புக்கிட் அசகான் தொழிலாளர் செர்காம், மெர்லிமாவ்ப் பகுதித் தொழிலாளரினின்று பெரிதும் வேறுபட்டவரல்லர். அவர்களிடையே செயற்பட்ட சங்கம் வேறாக இருந்தது. குறைபாடு ஒன்றாகவே இருப்பினும் அமைப்பு வேறுபட்டால் சார்பும் வேறுபடும் என்பதற்கு ஒரே மாவட்டத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

இங்குப் பேராசிரியர் தி. மாரிமுத்துவின் புகழ்பெற்ற கருத்தைத் திறனாய்தல் பொருத்தமுடையது. கே.எஸ். சந்து, அ. மணி ஆகியோர் பதிப்பித்த தென்கிழக்காசிய இந்தியச் சமுதாயங்கள் பற்றிய தொகுப்பில் அவர் தோட்டப்பள்ளியைச் சமூக மறுவுற்பத்தியின் கருவி எனக் கண்டார். தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே வைத்திருக்கும் வேலையைப் பள்ளி செய்தது என்பது அதன் சாரம். பொருளியல் நோக்கில் இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரசியல் நோக்கில் இக்கருத்து பாதி உண்மையே. தோட்டத்தில் நாளிதழ் வாசிக்கப்பட்ட இடம் பள்ளி. மனு எழுதித் தந்தவர் ஆசிரியர். மொழி, சீர்திருத்தம், சங்கம் பற்றிய பேச்சு பள்ளி ஆசிரியர் வழியாகவே பல லயங்களுக்குச் சென்றது. தொழிலாளியைத் தோட்டத்திலேயே நிறுத்திய அதே பள்ளி, அவனை எண்ணத்தால் தோட்டத்துக்கு வெளியே கொண்டுசெல்லவும் செய்தது.

ஆய்வாளர்களின் வாழ்வே மற்றொரு சான்றையும் தருகிறது. தோட்டத் தொழிலாளரின் வறுமையையும் சங்கங்களின் நிலையையும் நுணுகி ஆராய்ந்தவர்களுள் மாரிமுத்து ம.இ.கா. அரசியலில் இணைந்தார். பேராசிரியர் பி. இராமசாமி ஜனநாயகச் செயல் கட்சியில் இணைந்து 2008 முதல் 2023 வரை பினாங்கின் துணை முதலமைச்சராக விளங்கினார். இருவரும் ஆராய்ந்தது ஒரே வறுமையை. தீர்வு எவ்வாயிலில் உள்ளது என்னும் கணிப்பிலேதான் அவர்கள் வேறுபட்டனர்.

தோட்டம் கலைந்த பின்

1950-களில் தொடங்கிய துண்டாடல், 1969-க்குப் பின் குடியுரிமையற்றோருக்கு விதிக்கப்பட்ட வேலை உரிமம், ரப்பருக்கு மாற்றாக வந்த செம்பனை, 1980-களிலிருந்து பெருகிய அயல்நாட்டுத் தொழிலாளர், நில மேம்பாடு ஆகியன தோட்டம் என்னும் வட்டாரத்தைக் கலைத்தன. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகும். அவற்றுள் 21 மலாக்காவில் உள்ளன. 150-க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் அவற்றுள் பல.

இக்காலத்தில் புள்ளிவிவரங்கள் கூறுவது யாது? தீபகற்ப மலேசியாவில் 1970-இல் இந்தியரிடையே வறுமை 39.2 விழுக்காடு. 2004-இல் அது 2.9 விழுக்காடாகக் குறைந்ததென ஒன்பதாவது மலேசியத் திட்டம் அறிவித்தது. வறுமையே எதிர்ப்பை உண்டாக்கும் என்னும் கோட்பாட்டின்படி 1970-இல் எழுந்திருக்க வேண்டிய பேரெழுச்சி, அதிகாரப்பூர்வ வறுமை மிகக் குறைந்திருந்த 2007-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணியாக நிகழ்ந்தது. இம்முரணுக்குக் காரணம் வெளிப்படை. குறைந்தது கணக்கில் வந்த வறுமை. மறைந்தது அவ்வறுமையைத் தாங்கி நின்ற அமைப்பு. தோட்டத்தைவிட்டு நகர்ப்புற ஓரங்களுக்குப் பெயர்ந்தவருக்குக் கூலி சற்று உயர்ந்திருக்கலாம். ஆனால் வீடும் பள்ளியும் கோயிலும் மருந்துக்கொட்டகையும் ஒருசேரக் கைவிட்டுப் போயின. இடையாளராக இருந்த கட்சியும் சங்கமும் நுழைவதற்குத் தோட்ட வாயிலே இல்லாமற் போயிற்று.

2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி அரசாங்கம் வறுமைக் கோட்டை மாதம் 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாக உயர்த்தியபோது, 2016-இல் 0.4 விழுக்காடாக இருந்த தேசிய வறுமை அப்புதிய கோட்டின்படி 7.6 விழுக்காடாயிற்று. மக்கள் மாறவில்லை, கோடு மாறியது. கோட்டை வைத்து அரசியல் சார்பை விளக்க முற்படுவோர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

2008 மார்ச் 8-ஆம் நாள் பொதுத் தேர்தலில் சிலாங்கூர், பேராக், பினாங்கு, கெடா ஆகிய மாநிலங்கள் தேசிய முன்னணியின் கையைவிட்டுப் போயின. மலாக்காவிலோ அது 28 இடங்களில் 23-ஐப் பெற்றது. மலாக்காத் தமிழர் மனநிறைவோடு இருந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? கொள்ளலாகாது. சிலாங்கூரிலும் பேராக்கிலும் தமிழ் வாக்கு பல தொகுதிகளில் வெற்றியை நிர்ணயிக்கும் அளவினது. மலாக்காவில் அது மெலிந்து பரவியது. நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. ஓர் உணர்வு தொகுதி முடிவாக உருப்பெறுவதற்கு அவ்வுணர்வின் வலிமை மட்டும் போதாது. மக்கள் வாழும் செறிவும் வேண்டும்.

அதே தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதியில் ம.இ.கா. தலைவர் டத்தோ ஸ்ரீ ச. சாமிவேலுவை மருத்துவர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ் தோற்கடித்தார். தோட்டத் தொழிலாளரிடையே ஆண்டுக்கணக்கில் களப்பணி ஆற்றியவர் அவர். மருத்துவமும் வீட்டுரிமையும் கூலியும் ஒரே கையால் பேசப்பட்டபோது மக்கள் புதிய வாயிலை ஏற்றனர். 2013-இலும் அவரே வென்றார். எனினும் 2018-இல் கூட்டணிச் சின்னமின்றித் தனித்து நின்றபோது தோல்வியுற்றார். தொண்டு மட்டும் வாக்காவதில்லை என்பதும், ஆட்சியை அடையும் வாய்ப்பும் மக்களின் கணிப்பில் இடம்பெறுகிறது என்பதும் இதனாற் பெறப்படும்.

வாக்குச்சாவடிக்கு வராத வாக்கு

மலாக்காவில் 2018-இல் நம்பிக்கைக் கூட்டணி 28-இல் 15 இடங்களைப் பெற்று ஆட்சியமைத்தது. அவ்வாண்டில் ம.இ.கா. வசமிருந்த காடேக் தொகுதியை ஜனநாயகச் செயல் கட்சி வென்றது. 2021 நவம்பர் 20-ஆம் நாள் நடந்த மாநிலத் தேர்தலில் தேசிய முன்னணி 21 இடங்களுடன் மீண்டது, காடேக்கும் ம.இ.கா.விடம் திரும்பியது. மூன்றே ஆண்டுகளில் மக்களின் கல்வி நிலை மாறிவிடவில்லை. நோய்ப் பெருந்தொற்று வருவாயைக் குறைத்தது உண்மையே. வறுமை எதிர்ப்பை வளர்க்குமாயின் முடிவு வேறாகவன்றோ இருந்திருக்க வேண்டும்?

வாக்களித்தோர் விகிதம் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. 2018-இல் 80 விழுக்காட்டுக்கு மேலிருந்த அது 2021-இல் ஏறத்தாழ 66 விழுக்காடாகச் சரிந்தது. மும்முனைப் போட்டியும், இடையில் கட்சி மாறல்களால் ஆட்சி கவிழ்ந்ததால் எழுந்த சலிப்பும் காரணங்களாகலாம். அவற்றுடன், தோட்டம் கலைந்த கதையும் இங்கு வந்து சேர்கிறது. வேலை தேடி ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சென்றவர், முகவரியை மாற்றாதவரை, பழைய ஊரின் வாக்காளரே. பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பி வாக்களிப்பது எளிதன்று. உடல்நலம் அரசியலைத் தொட்டது இவ்வழியில்தான். அது சார்பை மாற்றியதோ இல்லையோ, வருகையை மாற்றியது.

நீரிழிவைப் பற்றியும் ஒரு சொல். தேசிய உடல்நல, நோய் ஆய்வுகள் இந்தியரிடையே அந்நோய் மிகுந்திருப்பதைத் தொடர்ந்து காட்டி வருகின்றன. ஆயினும் கள்ளுக்கடையைப் போல நீரிழிவு அரசியலாகவில்லை. கள்ளுக்கடைக்கு முன் மறியல் செய்யலாம். அதனை மூடும் அதிகாரி யார் எனத் தெரியும். நீரிழிவோ வீட்டுக்குள் தனித்தனியே வந்து, ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அரசு மருந்தகத்தில் மாதந்தோறும் வரிசையில் நிற்க வைக்கிறது. பொறுப்பாளி கண்ணுக்குத் தெரியாத நோய் குறையாகவே நின்றுவிடுகிறது, கோரிக்கையாக வளர்வதில்லை.

ஓர் ஒப்பீடு

செறிவின் முதன்மையை இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டுத் தெளியலாம். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழர் கல்வியிலும் நலவாழ்விலும் மலேசியத் தோட்டத் தமிழரினும் பின்தங்கியே இருந்தனர். ஆயினும் நுவரெலியா மாவட்டத்தில் அவர்கள் செறிந்து வாழ்ந்தமையால், குடியுரிமை மீளப்பெற்ற அளவுக்கேற்ப, தொழிற்சங்கமே கட்சியாகவும் கட்சியே பேரம் பேசும் கருவியாகவும் அமைந்தது. 1978-இல் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரானது அச்செறிவின் பயன். ஏறத்தாழ ஒரே மண்ணிலிருந்து புறப்பட்டு, ஒரேவகைத் தொழிலுக்குச் சென்ற இரு சமூகங்கள், வாழ்விடச் செறிவு வேறுபட்டதால் வெவ்வேறு அரசியலைப் பெற்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, வட்டாரச் சராசரியைக் கொண்டு சிதறி வாழும் சிறுபான்மையினரின் சார்பைக் கணிப்பது முறையாகாது. இரண்டாவது, கல்வியும் வறுமையும் உடல்நலமும் தாமாக அரசியலாவதில்லை. பொறுப்பேற்கும் அமைப்பொன்றின் வழியாகவே அரசியலாகின்றன. மூன்றாவது, அவ்வமைப்பு கலைந்தபின் எஞ்சும் அதிருப்தி நிலையான சார்பாக உருவெடுப்பதில்லை. ஒரு தேர்தலில் அலையாகவும் மறு தேர்தலில் வராமையாகவும் வெளிப்படுகிறது.

தோட்டத்தின் உறுப்புகளுள் துரையின் பங்களாவும் ஆயாக்கொட்டகையும் மருந்துக்கொட்டகையும் பெரும்பாலும் மறைந்தன. தமிழ்ப்பள்ளி மட்டும் பல இடங்களில் எஞ்சி நிற்கிறது. மாணவர் குறைந்த பள்ளியை மூடலாமா, இடம் மாற்றலாமா என்னும் விவாதத்தில் நாம் வழக்கமாகக் கல்வித் தரத்தையும் மொழிப் பற்றையும் முன்வைக்கிறோம். அவற்றோடு இதையும் சேர்த்தல் வேண்டும்: சிதறிய குடும்பங்கள் இன்னும் ஒன்றுகூடும் பொது இடம் அது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, மருத்துவச் சோதனைக்குச் செல்லாத தாய், வேலை தேடி ஊர்விட்டுச் சென்ற தந்தை ஆகியோரை மாவட்டப் புள்ளிவிவரம் அறியாது, வகுப்பாசிரியர் அறிவார். குடும்ப அளவிலான அவ்வறிவைப் பெயர் வெளியிடாமல், முறையாகத் தொகுத்து, பல்கலைக்கழக ஆய்வோடு இணைப்போமாயின், மலேசியத் தமிழரின் வறுமை வரைபடத்தையும் வாக்கு வரைபடத்தையும் முதன்முறையாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க இயலும். அதுவரை 'ஏழை வாக்கு', 'படித்தவர் வாக்கு' போன்ற தொடர்களைப் பயன்படுத்துகையில் ஆய்வாளர் எச்சரிக்கையோடு இருத்தல் நலம்.